பங்களா மீனுக்கு ஆறவைத்த தண்ணீர்

பாலத்துத் தோட்டம்
சுபானு வருஷம், வைகாசி 8

அழகேசன் அண்ணனுக்கு,

அம்சவள்ளி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றினால் படித்துவிட்டுக் கிழி. நீ நலமா, அண்ணி நலமா என்று முதலில் கேட்கத்தான் வேண்டும். என் கல்யாணத்துக்கு வராதவனை, அம்மா செத்ததையே பத்து நாள் கழித்து ஆள் விட்டுச் சொன்னவனை எந்த வாயால் கேட்பது? காரியம் இருக்கிறது, எழுதுகிறேன். அவ்வளவுதான்.

துரை ஓடிப்போன பங்களாவில் இப்போது ஜப்பான் அதிகாரி ஒருவன் குடியிருக்கிறான். துரைசாணி விட்டுப்போன கண்ணாடித் தொட்டி ஒன்று அங்கே கூடத்தில் இருக்கிறது. இரண்டு முழ நீளம் இருக்கும். அதில் மீன் வளர்க்கவேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது. பினாங்கிலிருந்து சிவப்பு மீன் பன்னிரண்டு கொண்டுவந்து விட்டான். வாலின் கீழ்ப்பக்கம் கத்தி மாதிரி நீண்டிருக்கிறது. பார்த்துக்கொள்ள என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வைத்திருக்கிறான். அவருக்கு ரப்பர் மரம் சீவத் தெரியும், கிழங்கு நடத் தெரியும். மீனைக் குழம்பில்தான் தெரியும்.

இதில் என்ன வந்தது என்று கேட்பாய். சயாமில் ரயில் ரோடு போட ஆள் பிடிக்கிறார்கள், உனக்கும் தெரிந்திருக்கும். எங்கள் லயத்திலிருந்து இரண்டு லாரி போய்விட்டது. போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பங்களா வேலைக்காரன் என்பதால் இவர் பெயரைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தர்மலிங்கம் இதுவரை பட்டியலில் எழுதவில்லை. போன வாரம் மூன்று மீன் செத்து மிதந்தது. அதிகாரி கத்தவில்லை, அடிக்கவில்லை. செத்த மீனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இக்கான் மாத்தி, லு பிகி சியாம்" என்றானாம். மீன் செத்தால் நீ சயாம் போ. இவர் வந்து அதைச் சொல்லும்போது சிரித்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நேற்று இன்னும் இரண்டு செத்தது. மிச்சம் ஏழு.

நீ பினாங்கில் சீனத் தவுக்கே முதலாளி கடையில் மீனும் குருவியும் விற்றவன். ஏன் சாகிறது, என்ன செய்யவேண்டும் என்று எழுது. எனக்காக வேண்டாம். எனக்கு நாலு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு அப்பா வேண்டும்.

விறகு வண்டி குழந்தைவேலுவிடம் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் யார் யாரோ பிரிக்கிறார்கள்.

அம்சவள்ளி


பாக்கார் ஆராங், சுங்கைப் பட்டாணி
2603 மே 26

அம்சவள்ளிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கிழிக்கவில்லை. நீ நினைக்கிற அளவுக்கு நான் கெட்டவன் இல்லை.

நான் கூப்பன் அரிசிக் கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே எல்லாவற்றுக்கும் ஜப்பான் வருஷம் 2603 என்றுதான் எழுதவேண்டும், கை பழகிவிட்டது. நீ அதைப் பார்த்து முகம் சுளிப்பாய் என்று தெரியும்.

பழசைப் பேசவேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அம்மா விஷயத்தை நீயே எடுத்துவிட்டாய். அம்மாவின் கருமாதிக்குத் தண்ணீர் எடுக்க வீட்டில் குடம் இல்லை. அப்பா கப்பலேறி வந்தபோது ஊரிலிருந்து தலையில் சுமந்து வந்த செப்புக்குடம், அம்மா புழங்கிய குடம், அதை நீ அந்த ஆள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அடுத்த வீட்டில் இரவல் குடம் வாங்கி என் தாய்க்கு நான் காரியம் செய்தேன். இழவு வீட்டில் வந்து நின்றவர்கள் முன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீ ஒரு நாளாவது நினைத்தாயா?

போகட்டும். மீனுக்கு வருகிறேன்.

அந்த ஆள் என்ன செய்கிறார் என்று நீ எழுதவில்லை. ஆனாலும் சொல்கிறேன், புதிதாக மீன் வளர்க்கிற எல்லாரும் செய்கிறதைத்தான் செய்கிறார். தினமும் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு, தொட்டியைத் தேய்த்து, கல்லையெல்லாம் சாம்பல் போட்டுக் கழுவுகிறார். சரியா? அது கூடாது. தொட்டி நம் வீட்டுச் சட்டி இல்லை. கல்லில் படிகிற வழவழப்பு மீனுக்கு நல்லது, அதுதான் அழுக்கைத் தின்று தண்ணீரைக் காக்கிறது. கல்லைத் தொடாதே. தண்ணீரில் கால் பங்கு மட்டும் எடுத்துவிட்டுக் கால் பங்கு புதிது ஊற்று.

இரண்டாவது, தண்ணீர் எதில் வருகிறது? பால் வாளியில் என்றால் அதுவே போதும் சாக. ரப்பர் பாலில் ஊற்றுகிற திராவகம் அந்த வாளியை விட்டுப் போகவே போகாது. ஆற்றுத் தண்ணீரை நல்ல பாத்திரமாகப் பார்த்து, சுத்தமாகத் தேய்த்துக் கழுவி, அதில் ஊற்றி ஒரு நாள் ஆறவிட்டு, பிறகு தொட்டியில் சேர்க்கவேண்டும்.

மூன்றாவது, தீனி. ஒரு சிட்டிகை. மீன் தின்று முடித்த பிறகு அடியில் மிச்சம் கிடந்தால் அது அழுகும், அழுகினால் மீன் போகும். ஜப்பான்காரன் இன்னும் மீன் கொண்டுவந்தால் ஒரேயடியாக விடவேண்டாம் என்று சொல்லச் சொல். இரண்டு முழத் தொட்டிக்கு ஏழே அதிகம்.

உனக்குப் பெண் இருக்கிறாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பெயர் என்ன?

அழகேசன்


பாலத்துத் தோட்டம்
வைகாசி 20

அண்ணே,

நீ எழுதியது அத்தனையும் சரி. கூடவே நின்று பார்த்தவன் மாதிரி எழுதியிருக்கிறாய். தினமும் கல்லைக் கழுவினார், பால் வாளியில்தான் தண்ணீர் சுமந்தார். படித்துக் காட்டியதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்கண்ணன் கெட்டிக்காரன்டி. என்னைத் திட்டினாலும் பரவாயில்ல" என்றார்.

அதிகாரி மீனுக்கென்று முட்டை கொடுக்கிறான். அவித்து மஞ்சள் கருவைக் கையால் தேய்த்துப் போடவேண்டும். அவன் எதிரிலேயே செய்யவேண்டும். நாங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறு எதையும் பார்த்து வெகு நாளாகிறது. குழந்தை ஒருநாள் அப்பாவோடு பங்களாவுக்குப் போய்விட்டு வந்து, "அம்மா, மீனுக்கு மட்டும் ஏம்மா முட்டை?" என்று கேட்டாள். அவள் பெயர் மருதம்மாள். அம்மா பெயர்தான். வேறு யார் பெயரை வைப்பேன்?

நீ சொன்னபடியே நல்ல பாத்திரத்தில் ஆறவைக்கிறோம். தேய்த்துக் கழுவுவது நான்தான். இந்த வேலையை அவரிடம் விடவில்லை, அவர் அரைகுறையாகக் கழுவுவார். எங்கள் வீட்டில் அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. அதில் நம் முகம் தெரியும். தண்ணீர் நிறைத்து மூடி வைத்து, மறுநாள் அவர் பங்களாவுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். அதிகாரிக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கவேண்டும், தினமும் புதிதாகச் சேர்க்கவேண்டும். அதனால் தினமும் கால் பங்கு மாற்றுகிறார்.

இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. உடம்பில் வெள்ளையாகச் சவ்வு மாதிரி படிகிறது. கல்லில் போய் உரசிக்கொள்கிறது. நாலு செத்துவிட்டது. ஆற்றிலிருந்து வந்த நத்தைகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன, அவையும் உதிர்ந்து கிடக்கின்றன. இனி மூன்றுதான்.

குடத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நான் திருடவில்லை. அது மட்டும் சொல்வேன். எனக்குக் கல்யாணமான வருஷம் தீமிதித் திருவிழாவுக்கு அம்மா உனக்குத் தெரியாமல் என்னைப் பார்க்க வந்தது உனக்குத் தெரியுமா? அப்போது என்ன நடந்தது, யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் எழுதி உன்னோடு வழக்குப் பேச எனக்கு இப்போது நேரம் இல்லை. மீனுக்கு வழி சொல்.

அம்சவள்ளி


பாக்கார் ஆராங்
2603 ஜூன் 7

அம்சவள்ளிக்கு,

நத்தை செத்தது என்று எழுதியிருக்கிறாய். நிச்சயம்தானா? நத்தை சாக்கடையிலும் உயிரோடு இருக்கும். மீன் செத்தாலும் நத்தை சாகாது. அதை நினைத்துக்கொண்டே கடையில் அரிசி அளந்தேன், இரண்டு முறை தப்பாக அளந்து மேலாளிடம் ஏச்சு வாங்கினேன்.

பங்களாவில் கொசுவுக்கு மருந்து எண்ணெய் தெளிக்கிறார்களா? கூடத்தில் ஊதுவத்தி, மருந்துப் புகை ஏதாவது போடுகிறார்களா? ஆற்றில் மேலே யாராவது மீன் பிடிக்கத் தூபா வேர் தட்டிப் போட்டிருக்கிறார்களா? தூபா வேர்ப்பால் கலந்த தண்ணீர் என்றால் எதுவும் மிஞ்சாது. தண்ணீர் எடுக்கிற இடத்தை மாற்றிப் பாருங்கள். தொட்டி வெயிலில் இருந்தால் நிழலுக்கு நகர்த்துங்கள்.

இன்னொன்று செய். தவுக்கே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அழகு மீனை விடுவதற்கு முன் லோங்காங்கில், அதுதான் உங்கள் லயத்துச் சாக்கடையில், சின்னச் சின்னப் பொடி மீன் இருக்கும். அதில் நாலைப் பிடித்துத் தொட்டியில் விடு. அது தங்கினால் தண்ணீர் நல்ல தண்ணீர். அது செத்தால் தண்ணீரில் விஷம் இருக்கிறது.

பாத்திரத்தை இன்னும் நன்றாகத் தேய்த்துக் கழுவு. சவுக்காரம் போடாதே.

அம்மா உன்னைப் பார்க்க வந்தது எனக்குத் தெரியாது. சிநேகிதி நாகம்மா வீட்டுக்குப் போவதாகத்தான் என்னிடம் சொன்னார்கள். நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு வேறு என்னமோ வந்தது. அதை எழுதத் தெரியவில்லை.

மருதம்மாள் என்ற பெயரைப் பிரேமாவதியிடம் சொன்னேன். அவள் அழுதாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

அழகேசன்


பாலத்துத் தோட்டம்
வைகாசி 30

அண்ணே,

எண்ணெய் தெளிக்கவில்லை. தெளிக்க எண்ணெய் எங்கே இருக்கிறது? ஊதுவத்தியும் இல்லை. ஆற்றில் தூபா யாரும் போடவில்லை, அதே ஆற்றில் அதே இடத்தில் பிள்ளைகள் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறார்கள், மீன் துள்ளுகிறது. இடத்தையும் மாற்றிப் பார்த்தோம், கிணற்றுத் தண்ணீரும் எடுத்துப் பார்த்தோம். சவுக்காரம் போட நான் என்ன மகாராணியா, லயத்தில் சவுக்காரத்தைக் கண்ணால் பார்த்து வருஷமாகிறது. புளியும் சாம்பலும்தான். புளி இப்போது கிடைக்கிற விலைக்கு அதைக் குழம்பில் கரைக்காமல் பாத்திரம் தேய்க்கக் கொட்டுகிறேன். பக்கத்து வீட்டுப் பாப்பம்மா பார்த்துவிட்டு, "பைத்தியமாடி ஒனக்கு?" என்று கேட்டாள்.

லோங்காங் மீன் நாலு விட்டோம். சாக்கடையில் குதித்துக்கொண்டிருந்தது இங்கே வந்து செத்தது. மிச்சமிருந்த மூன்றில் இரண்டும் போய்விட்டது. அதிகாரி பார்த்துவிட்டுப் புதிதாக எட்டு மீன் கொண்டுவந்து ஒரேயடியாகக் கொட்டினான். வேண்டாம் என்று இவர் எப்படிச் சொல்வார்? கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். கும்பிட்டதற்கு ஓர் அறை விழுந்தது. காது இன்னும் கேட்கவில்லை.

நீ சொன்னதெல்லாம் செய்தபிறகுதான் மீன் அதிகமாகச் சாகிறது. பால் வாளியில் ஊற்றியபோது வாரத்தில் மூன்று செத்தது, உன் பேச்சைக் கேட்டபின் நாளுக்கு ஒன்று. எனக்கு ராத்திரி பகல் ஒரே நினைப்புதான். நீ வேண்டுமென்றே எழுதுகிறாயா? அந்த ஆள் தொலையட்டும் என்று நினைக்கிறாயா? அவரை நீ ஒரு கடிதத்திலும் பெயர் சொல்லிக்கூட எழுதவில்லை. அந்த ஆள், அந்த ஆள். அவர் பெயர் காளிமுத்து.

அப்படி இல்லையென்றால் ஒரே ஒரு தரம் வா. வந்து உன் கண்ணால் பார். எழுதி எழுதி என்ன ஆகப்போகிறது? நாங்கள் தண்ணீர் எடுப்பதை, ஊற்றுவதை, கூடவே இருந்து ஒரு பொழுது பார். தப்பு எங்கே என்று உனக்குத்தான் தெரியும். வா அண்ணே. உன் காலில் விழுகிறேன்.

அடுத்த லாரிக்கு ஆள் குறைகிறது என்று தர்மலிங்கம் சொல்கிறார். "நான் என்னலா செய்ய? தலை எண்ணிக் குடுக்கணும். மீன் இருக்குற வரைக்கும் ஒன் புருசன் பேர தொட மாட்டேன். அப்புறம் என்னக் கேக்காத" என்றார்.

அம்சவள்ளி


பாக்கார் ஆராங்
2603 ஜூன் 16

அம்சவள்ளிக்கு,

நான் வேண்டுமென்றே எழுதுகிறேன் என்று கேட்டுவிட்டாய். கேட்டது கேட்டதுதான். நான் அதற்குப் பதில் சொல்லப்போவதில்லை.

வர முடியாது. தோட்டத்துக்குள் வரப் பாஸ் வேண்டும். பாஸ் கேட்கப் போனவர்களையே லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். போன வாரம் பாசாரில் வெற்றிலை வாங்க நின்ற அடுத்த வீட்டு நவமணியின் மாமனாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிரேமாவதி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். இது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. உன் கல்யாணத்தன்று, அந்தத் தோட்டத்து மண்ணை மிதிப்பதில்லை என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அம்மா இப்போது இல்லை. சத்தியத்தை எடுத்துவிடச் சொல்லி யாரிடம் கேட்பது?

தண்ணீர் மாற்றுவதையே பத்து நாள் நிறுத்திப் பார். கலங்கினாலும் கலங்கட்டும். அதிகாரியிடம் மீனுக்கு உடம்பு சரியில்லை, ஓய்வு வேண்டும் என்று சொல்லச் சொல். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. பினாங்குக் கடையில் ஒரு தொட்டி இப்படித்தான் மொத்தமாகச் செத்தது. நத்தையும் செத்தது. தவுக்கே எதற்காகவோ குதித்துக் கத்தினார். எதற்கு என்பது ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. தலையைப் போட்டு உடைத்துக்கொள்கிறேன்.

அழகேசன்


பாலத்துத் தோட்டம்
ஆனி 7, திங்கள்கிழமை

அண்ணனுக்கு,

தண்ணீர் மாற்றவேண்டாம் என்று நீ எழுதியது சனிக்கிழமை வந்தது. அதிகாரி கேட்கவில்லை. தண்ணீர் லேசாக மங்கியதும் குடத்தோடு இவரைக் கூடத்தில் நிறுத்தித் தன் எதிரிலேயே ஊற்றச் சொன்னான். இன்று காலையில் எல்லா மீனும் போய்விட்டது. ஒன்றுகூட இல்லை.

தர்மலிங்கம் பெயரை எழுதிவிட்டார். வியாழக்கிழமை லாரி.

இந்தக் கடிதத்தோடு குழந்தைவேலு வண்டியில் ஒரு சாக்கு மூட்டை வரும். அவிழ்த்துப் பார். உன் குடம். அப்பா தலையில் சுமந்து வந்த குடம், அம்மா புழங்கிய குடம். தீமிதியன்று அம்மா தன் கையால் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. "அண்ணங்கிட்ட சொல்லாத, வயிறெரிவான்" என்று சொல்லிக் கொடுத்தாள். ஐந்து வருஷம் நான் அதைக் கண்ணில் வைத்துக் காத்தேன். ஜப்பான்காரர்கள் செம்பு, பித்தளை எல்லாம் கொண்டுபோகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் லயத்தில் யாருக்கும் தெரியாமல் வெளுக்காத துணியில் சுற்றி வைத்தேன். இனி எனக்கு எதற்கு? எடுத்துக்கொள். உன் குடம் உனக்கு வந்துவிட்டது, உன் சத்தியம் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள். வந்து அந்த அதிகாரியிடம் பேசு. நீ மீன் கடையில் இருந்தவன். மீன் செத்ததற்கு இவர் காரணம் இல்லை, தண்ணீர்தான் காரணம், என்னமோ ஒன்றுதான் காரணம் என்று சொல். நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

குழந்தை காய்ச்சலாகக் கிடக்கிறாள். அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறாள்.

அம்சவள்ளி


பாக்கார் ஆராங்
2603 ஜூன் 22, செவ்வாய்

அம்சா,

சாக்கை அவிழ்த்துக் குடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கழுத்து நெளிந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன், நான் சின்ன வயதில் கீழே போட்டு நெளித்தது. பிறகு உள்ளே கையை விட்டேன். உள்ளே புதுக் காசு மாதிரி பளபளக்கிறது. அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. மோந்து பார்த்தேன், செம்பு வாசம். பாசியின் சிறு இழை ஒன்றும் ஒட்டியிருந்தது.

அம்சா, இதிலா தண்ணீர் ஆறவைத்தாய்?

பினாங்கில் தவுக்கே எதற்குக் கத்தினார் என்று இப்போது ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வாடிக்கைக்காரரின் பிள்ளை தொட்டிக்குள் செப்புக் காசு போட்டுவிட்டது. ஒரே ஒரு காசு. அந்தத் தொட்டியில் மீனும் நத்தையும் மொத்தமாகப் போயின. செம்பு மீனுக்கு விஷம். நமக்கு அமிர்தம், அதற்கு விஷம். நீ புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க செம்பு புதிதாகி இன்னும் அதிகமாகத் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. பாத்திரத்தை இன்னும் நன்றாகத் தேய் என்று நான்தான் எழுதினேன். என் கையாலேயே எழுதினேன்.

எந்தப் பாத்திரம் என்று நான் கேட்கவில்லையே. மண்பானைதான் இருக்கும், தோட்டத்தில் வேறு என்ன இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தரம் வந்திருந்தால் வாசலிலேயே பார்த்திருப்பேன்.

கேள். அதிகாரியிடம் ஓடு. தர்மலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போ. என்ன காரணம் என்று தெரிந்துவிட்டது, மீன் இனிச் சாகாது, ஒரு வாரம் பொறுக்கவேண்டும் என்று சொல்லச் சொல். மண்பானையில் தண்ணீர் எடுத்து ஆறவை. தொட்டித் தண்ணீர் முழுவதையும் இந்த ஒரு முறை கொட்டிவிடு. கல்லையும் கொட்டு. ஆற்றங்கரையிலிருந்து புதுக் கல்லும் பாசியும் எடுத்துப் போடு.

நான் வருகிறேன். வெறும் கையோடு வந்தால் யார் மதிப்பார்கள், மீனோடு வருகிறேன். இங்கே ஒரு சீனர் வீட்டுத் தொட்டியில் கத்திவால் மீன் இருக்கிறது, கெஞ்சிக் கேட்டு ஆறு வாங்கிவிட்டேன். பாஸ் நாளைக் காலையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமை சாயந்தரத்துக்குள் வந்துவிடுவேன். வியாழக்கிழமைக்கு முன்னால் ஒரு ராத்திரி இருக்கிறது. அது போதும்.

மாப்பிள்ளையிடம் சொல். காளிமுத்து மாப்பிள்ளையிடம் நான் வருகிறேன் என்று சொல்.

அழகேசன்


பாலத்துத் தோட்டம்
ஆனி 20

அண்ணே,

நீ வந்துபோன பிறகு எழுதவேண்டும் என்று நினைத்தும் எழுதவில்லை. வந்த அன்றைக்கும் நாம் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. நீ போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லயத்து வாசலில் நின்றாய். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. மீன் உயிரோடு இருந்தது. லாரி ஒரு நாள் முன்னாலேயே, புதன்கிழமை காலையிலேயே வந்துவிட்டது என்று உன்னிடம் பாப்பம்மாதான் சொன்னாள்.

உன் கடிதம் அவர் போவதற்கு முன்னால் வந்தது. குழந்தைவேலு ஓடி வந்து கொடுத்தார். லாரி பங்களாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தது. நான் படித்துக்கொண்டே ஓடினேன். தர்மலிங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஜப்பான் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் தள்ளினான். லாரி மேலே நின்ற அவருக்குக் கேட்கும்படி கத்தினேன். "கொடந்தாங்க! கொடந்தான் காரணம்!" என்று. அறை வாங்கிய காது, கேட்டதோ இல்லையோ. பிறகு, "எங்கண்ணன் உங்கள மாப்பிள்ளன்னு எழுதியிருக்காரு!" என்று கத்தினேன். அது கேட்டது. கையைத் தூக்கினார். சிரித்தார் என்று நினைக்கிறேன், தூசியில் சரியாகத் தெரியவில்லை.

நீ கொண்டுவந்த ஆறு மீனையும் அதிகாரி தொட்டியில் விடச் சொன்னான். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டு விரலைக் காட்டினான். இப்போது நான்தான் பங்களா மீனுக்கு ஆயா. பழைய தண்ணீரையும் கல்லையும் முதலிலேயே கொட்டிவிட்டேன். மண்பானையில் தண்ணீர் ஆறவைக்கிறேன், புதுக் கல்லைத் தொடுவதில்லை, தீனி ஒரு சிட்டிகை. நீ எழுதிய கடிதங்களை எடுத்து வைத்து அதன்படியே செய்கிறேன். ஒன்றுகூடச் சாகவில்லை அண்ணே. போன வெள்ளிக்கிழமை ஒன்று குட்டி போட்டது, கடுகு கடுகாகக் கண்ணாடி ஓரத்தில் ஓடுகிறது. அதிகாரி குனிந்து பார்த்து, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சி என் தலையைத் தட்டினான். முட்டையில் ஒரு பாதியைக் குழந்தைக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்தான். அவள் தின்றாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். என்மேலும் இருக்கிறது. எந்தக் குடம் என்று ஒரு வரி நான் எழுதியிருந்தால் நீ அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாய். நீ கேட்டுவிடுவாயோ என்று பயந்தேன், திரும்பக் கேட்டு வாங்கிவிடுவாயோ என்று. நல்ல பாத்திரம், நல்ல பாத்திரம் என்று எழுதி எழுதி மழுப்பினேன். அதிகாரி மீனுக்கான தண்ணீர் என்பதால் யாரும் அதைப் பறிக்கவில்லை, அவர் தினமும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பங்களா மேட்டில் ஏறினார்.

குடத்தைத் திருப்பி அனுப்பட்டுமா என்று குழந்தைவேலுவிடம் கேட்டு அனுப்பியிருந்தாய். வேண்டாம். உன்னிடமே இருக்கட்டும், தேய்க்காமல் வைத்திரு. அவர் திரும்பி வந்தால் மூன்று பேரும் உன் வீட்டுக்கு வருகிறோம், அதில் தண்ணீர் எடுத்து அவரை நீயே குளிக்க வை. வராவிட்டாலும் அது அங்கேயே இருக்கவேண்டும். இந்தத் தடவை அடுத்த வீட்டில் இரவல் கேட்கவேண்டாம்.

அம்சவள்ளி